ஆறு மணிப் பெரட்டு

காலை ஆறு மணிக்கு எங்கள் பக்கத்து வீட்டு முன்வாசலில் ஒரு மனிதர் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். அரைக்கை காக்கிச் சட்டை, முழங்கால் வரை காற்சட்டை, இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். அவருக்கு எதிரே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேலை மடிப்பைச் சரிசெய்தபடி அவர் மனைவி பேசுவார்.

“துணி மிஷின்ல இருக்கு, காயப் போடணும். கேஸ் தீரப் போவுது, கடைக்குப் போன் பண்ணணும். மீன் சட்டியக் கழுவி வெயில்ல வைக்கணும். அவ்ளோதான்.”

“துணி, கேஸ், மீன் சட்டி. சரி.”

அந்த அம்மா காரை, எங்கள் பேச்சில் காடியை, எடுத்துக்கொண்டு கிளம்புவார். இவர் கேட்டைச் சாத்திவிட்டு நேராகத் துணி மிஷினிடம் போவார். எங்கள் ஊரில் விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

முதல் வாரம் இதை முன்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்த என் வீட்டுக்காரர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “என்ன ஆச்சு அந்த அண்ணனுக்கு? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணுமா?” என்றார். “நீங்களும் ஒரு நாள் அப்படி வந்து நில்லுங்களேன், நானும் சொல்றேன்” என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்குக் காலை நேரத்தில் கோபம் வருவது வழக்கம் என்று அவர் வெளியில் சொல்லிக்கொள்வார். ஏன் வருகிறது என்று அவர் சொல்வதில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஈப்போவிலிருந்து பத்து காஜா டவுனுக்குப் போகும் சாலையை ஒட்டிய தாமான், அதாவது குடியிருப்பு, எங்களுடையது. வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், முன்னாலும் பின்னாலும் இடுப்பளவு வேலி. அந்த வீட்டில் இப்போது ஒரு சீனக் குடும்பம் இருக்கிறது. நல்லவர்கள்தான். ஆனாலும் ஆறு மணிக்கு என் கண் தானாக அந்தப் பக்கம் போகிறது.

அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவோம். பஸ் கண்டக்டர் அல்ல, தோட்டத்துக் கண்டக்டர். தோட்ட நிர்வாகியான துரைக்குக் கீழே, மேஸ்திரிகளான மண்டோர்களுக்கு மேலே இருக்கும் உத்தியோகம். ஆயர் தாவார் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார்களே, அதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டை முப்பத்தைந்து வருஷம் நடத்திய மனிதர் இப்போது மனைவி முன்னால் பெரட்டுக்கு நின்றார்.

மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் அழைப்பார், நாங்களும் அப்படித்தான். பத்து காஜாவுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ரப்பர் போய்விட்டது, தோட்டமும் போய்விட்டது, பள்ளிக்கூடம் மட்டும் நிற்கிறது. கல்யாணமான நாள் முதல் டீச்சர் இங்கே, கண்டக்டர் அங்கே தோட்டத்து வீட்டில். சனிக்கிழமை மத்தியானம் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவார். ஒரே மகளை டீச்சர்தான் தனியாக வளர்த்து, படிக்க வைத்து, ஜொகூருக்குக் கட்டிக் கொடுத்தார்.

ஆக, அறுபது வயதில் அவர் ஓய்வு பெற்று மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியபோதுதான் அவர்கள் முதல்முறையாகச் சேர்ந்து குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்கள். முதல் நாலைந்து நாள் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மூன்று மணிக்கு டீச்சர் வரும்போது காலையில் குடித்த கோப்பைகூட அதே இடத்தில் காய்ந்துபோய் இருக்கும். ஐந்தாம் நாள் டீச்சரின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

“நாள் பூரா வீட்லதான இருக்கீங்க? எதாச்சும் செஞ்சா என்ன?”

“யாரும் ஒண்ணும் சொல்லலியே.”

“சொன்னா செய்வீங்களா?”

“சொல்லு. செய்யறேன்.”

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். இப்படித்தான் அது தொடங்கியது.

சொன்னதைச் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துணி காயப்போட்டால் சட்டையெல்லாம் ஒரு பக்கம், துண்டெல்லாம் ஒரு பக்கம், கிளிப்புகள்கூட ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஆனால் சொல்லாத எதையும் தொட மாட்டார். கூட்டச் சொன்னால் கூட்டுவார்; கூட்டிய குப்பையை அள்ளச் சொல்லவில்லை என்றால் அது கதவோரம் குவிந்து கிடக்கும்.

கொஞ்ச நாள் பழகிய பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. அவருக்குத் தெரிந்தது இரண்டே காரியம். உத்தரவு போடத் தெரியும். உத்தரவு வந்தால் மறுபேச்சில்லாமல் நிறைவேற்றத் தெரியும். மேலே துரை, கீழே மண்டோர், நடுவில் இவர் என்று காலம் ஓடிவிட்டது. சரிசமமாக எதிரில் நிற்கும் ஒரு ஆளிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமே அவருக்கு இல்லை.

எங்கள் ஏணி வேண்டும் என்றால், “தம்பி, ஏணிய நாளைக்கு எடுத்து வெளிய வச்சிரு” என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். உட்கார்ந்த கையோடு, “ரொட்டி சானாய் நாலு, தே தாரேக் நாலு” என்று சொல்லிவிட்டார். தே தாரேக் பால் டீ; எனக்குப் பால் சேராது. தயங்கினேன். “குடிம்மா, இங்க நல்லாருக்கும் லா” என்றார். மரியாதைக்குக் குடித்துவிட்டு அன்றைக்குப் பூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மேசையை விட்டு எழுந்திருக்கும்போது டீச்சர் என் காதோரம், “எனக்கும் பால் டீ புடிக்காது. முப்பது வருஷமா குடிக்கிறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஆயர் தாவாரில் கண்டக்டர் ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டிருந்தார். பின்னால் கொஞ்சம் நிலம், நாலைந்து டுரியான் மரங்கள், ஒரு கோழிக் கொட்டகை. வாழ்நாள் முழுக்கக் கம்பெனி வீட்டில் இருந்த மனிதருக்குச் சொந்த வீடு என்பது பெரிய கனவு. அவர் ஓய்வு பெற்ற ஒரு வருஷத்தில் டீச்சரும் முன்கூட்டியே ஓய்வு எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இருவரும் அங்கே போய்விட வேண்டும். டீச்சருக்கு அப்போது ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்து வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. “பேசி முடிவு பண்ணோம்” என்று கண்டக்டர் சொல்வார். பேசியது யார், முடிவு பண்ணியது யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் டீச்சர் சம்மதித்திருந்தார். சம்மதித்தால் மாறமாட்டார்.

பெரட்டு தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் டீச்சர் அவசரத்தில், “பின்னாடி கறிவேப்பில மரத்தச் சுத்திக் களைய எடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாகச் சுத்தம் செய்வார்கள். பழம் உதிர்ந்தால் பொறுக்குவதற்கு மண் தெரியவேண்டும், அந்த வட்டத்துக்குள் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. கண்டக்டர் மண்வெட்டியை எடுத்தார். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி ஆறடிக்கு அழகான வட்டம் போட்டார். டீச்சர் வருஷக்கணக்காக வளர்த்த பொன்னாங்கண்ணி, மஞ்சள், தூதுவளை, பண்டான் இலை, மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது நட்ட ஓமவல்லி எல்லாம் குப்பைமேட்டுக்குப் போயின. நான் வேலையிலிருந்து வரும்போது மரம் மட்டும் மொட்டை மண்ணில் தனியாக நின்றது. டீச்சர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“வேல முடிஞ்சிச்சு டீச்சர்” என்றார் கண்டக்டர். முகத்தில் அவ்வளவு பெருமை.

“எது களை, எது செடின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? ஒரு போன் பண்ணியிருக்கலாம் லா.”

“வேல நேரத்துல தொரைக்கு யாரும் போன் பண்றதில்ல.”

டீச்சர் அழுவாரா அடிப்பாரா என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“காலையில எந்திரிச்சு ஒங்களுக்கு என்ன வேல குடுக்கணும்னு யோசிக்கிறதே எனக்கு ஒரு வேலையாப் போச்சுங்க. அங்க ஸ்கூல்ல அறுவது புள்ளைங்களுக்கு யோசிக்கிறேன். இங்க வந்தா அறுவது வயசுப் புள்ளைக்கு யோசிக்கணும். ரொம்ப சுசாவா, செரமமா இருக்கு.”

கண்டக்டர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. சொன்ன வேலையைச் செய்தவனை எந்தத் தோட்டத்திலும் திட்டமாட்டார்கள்.

டீச்சர் பால்மரம் சீவியவர்களின் மகள். ரப்பர் காலத்தில் ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று ஒரு நெரை பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த வரிசை மரங்கள் அவர் பொறுப்பு. எந்த மரத்தில் பால் வற்றியது, எதில் பட்டை அழுகியது என்று அவருக்குத்தான் தெரியும். எது எதைச் சீவ வேண்டும் என்று காலையில் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு டீச்சர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

“இனிமே பெரட்டு கெடையாது. நெரை பிரிச்சுக்கலாம். அடுப்படி ஒங்க நெரை. காலப் பசியாறல்லருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும். அரிசி தீந்தா, உப்பு தீந்தா நீங்கதான் பாக்கணும். நான் அதப்பத்தி யோசிக்கவே மாட்டேன். துணியும் ராத்திரிச் சமையலும் என்னோடது. வீடு கூட்டுறது, பாசாருக்குப் போறது ஆளுக்கொரு வாரம்.”

“என் நெரையில மத்தவங்க வந்து தலையிடக் கூடாது” என்றார் கண்டக்டர், யோசித்து.

“தலையிட மாட்டேன். கருகுனாலும் தின்னுருவேன்.”

தின்றார். முதல் பதினைந்து நாள் பாவம் அந்த அம்மா எதையெல்லாம் தின்றார் என்று எனக்குத்தான் தெரியும். வேகாத பருப்பு, குழைந்த சோறு, புளி மட்டும் உள்ள ஒரு குழம்பு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டக்டருக்கும் கேட்க வாய் வரவில்லை. வேலியோரம் வந்து நின்று, “பருப்பு வேவலன்னா என்ன பண்ணணும்னு நீ எனக்குச் சொல்லணும்” என்று எனக்கு உத்தரவு போடுவார். சொல்வேன். சிறு நோட்டில் எழுதிக்கொள்வார். டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் போட்டு ஒட்டினார். மூன்றாவது மாதம் அவர் வீட்டு நெத்திலிச் சம்பல் வாசம் எங்கள் வீட்டுக்குள் வந்து எங்களைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “கண்டக்டரண்ணே வீட்ல இன்னிக்குச் சம்பல் போல” என்றார். “அண்ணே செஞ்சது. அவங்க வீட்டு ஆம்பள” என்றேன். அன்று அவர் தட்டை அவரே கழுவினார்.

இப்படி ஒருவாறு வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. டீச்சரை அந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியராகப் போடுகிறார்கள். ஏற்பதா இல்லையா என்று இரண்டு வாரத்தில் பதில் தர வேண்டும்.

டீச்சர் அதை முதலில் என்னிடம்தான் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கடிதத்தைப் பிரித்து, மறுபடி மடித்து, மறுபடி பிரித்தார். ஆசிரியர் பற்றாக்குறையில் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்தியவர். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு வந்தபோது வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்து வந்தவர். அந்தப் பள்ளிக்கு அவரை விட்டால் யார்?

“எடுத்துக்குங்கக்கா” என்றேன்.

“வேணாம்னு எழுதிட்டேன்மா. பையிலதான் இருக்கு. அவருக்குக் குடுத்த வாக்கு. பாவம், அந்த வீட்டுக்காகத்தான் இத்தன வருஷம் இருந்தாரு.”

“அண்ணே என்ன சொன்னாரு?”

“சொன்னேன். ‘அதான் பேசி முடிவு பண்ணியாச்சே’ன்னாரு. அப்பறம் பேப்பர எடுத்துக்கிட்டாரு.”

அந்தக் கணம் எனக்கு அந்த மனிதரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சம்பலாவது மண்ணாவது என்று தோன்றியது. வேலி ஓரம் அவர் வந்தால் உள்ளே போய்விடுவேன். ஆயர் தாவாரிலிருந்து தினமும் பத்து காஜாவுக்குப் போய் வர முடியாது. இரண்டில் ஒன்றுதான். டீச்சர் எந்த ஒன்றை விடுவார் என்பதும் தெரிந்துபோனது.

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். கண்டக்டர் கட்டிக் கொடுத்த டப்பா. தன் நெரையில் விளைந்தது வீணாகப் போகக் கூடாது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

அன்று சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றார். நான் உள்ளே போகத் திரும்பினேன். “நில்லும்மா” என்றார். வழக்கமான குரல் இல்லை அது. நின்றேன்.

“அங்க பெரட்டு நடக்குதும்மா.”

“பெரட்டா?”

“ஸ்கூல் பெரட்டு. புள்ளைங்க எல்லாம் வரிசையா நிக்குது. வாத்தியாருங்களும் நிக்கிறாங்க. இவ மைக் கூட எடுக்கல. சும்மா வந்து முன்னால நின்னா. ஒரு சத்தம் இல்ல. நான் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டேன்.”

“ம்.”

“பின்னால ஒரு புள்ள ஆடிக்கிட்டே நிக்கிது. நானா இருந்தா ஒரு அதட்டு போட்டிருப்பேன். இவ பேரச் சொல்லிக் கூப்புட்டு, ‘நேத்து காச்சலா இருந்தியே, இப்ப எப்படி இருக்கு? நிக்க முடியுதா?’ன்னு கேட்டா. பெரட்டுல, எல்லார் முன்னாடியும். முப்பத்தஞ்சு வருஷம் பெரட்டு எடுத்தவன் நான். ஒரு ஆளக்கூட அப்படிக் கேட்டதில்ல.” கொஞ்ச நேரம் வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். “இந்தப் பொம்பளயக் கூட்டிட்டுப் போயி கோழிக்குத் தீனி போடச் சொல்றதாம்மா? நான் என்ன மனுசன்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த மனிதர் யார் என்பதை மறந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் டீச்சர் கிளம்பியதும் கண்டக்டர் ஆயர் தாவாருக்குப் போனார். அங்கே கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு நர்சம்மா குடும்பத்துக்கு வீட்டை ஐந்து வருஷத்துக்கு வாடகைக்கு விட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்தார். டீச்சர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே அறிவித்தார்.

“ஆயர் தாவார் வீட்ட விட்டாச்சு. அஞ்சு வருஷம். நீ அந்த ஹெட்மாஸ்டர் வேலைய எடுத்துக்க.”

டீச்சர் சந்தோஷத்தில் குதிப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“யாரக் கேட்டு விட்டீங்க?”

“ஒனக்காகத்தான.”

“எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? போவணும்னு முடிவு பண்ணதும் நீங்க. போவ வேணாம்னு முடிவு பண்றதும் நீங்க. நல்லது செஞ்சாலும் உத்தரவாத்தான் செய்வீங்களா? நான் என்ன ஒங்க தோட்டத்து ஆளா? எடுக்க மாட்டேன். எழுதுன கடுதாசி பையிலதான் இருக்கு. வெள்ளிக்கெழம கொண்டுபோயிக் குடுத்துட்டு வாரேன். நீங்க அந்த வீட்டத் திருப்பி வாங்குங்க, விடுங்க, என்னமோ பண்ணுங்க.”

கல்யாணமான முப்பத்தோரு வருஷத்துக்கும் சேர்த்து அன்று பேசினார். அதன் பிறகு கதவு சாத்தும் சத்தம்.

சாயங்காலம் கண்டக்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முதல்முறையாக உட்காரச் சொல்லும் வரை நின்றார். கோப்பி கொடுத்தேன்.

“எடுக்காதன்னா அழுவுறா. எடுன்னா கோவப்படுறா. ஒரு வார்த்த கேட்டியாங்கிறா. என்ன கேக்கணும்? எனக்கு வெளங்கல. தம்பி, நீ சொல்லு, ஒன் பொண்டாட்டிகிட்ட நீ என்ன கேப்ப?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாவி எங்கே, சட்டை எங்கே, சாப்பாடு ஆச்சா என்பதைத் தவிர இந்த மனிதர் என்னிடம் என்ன கேட்டிருக்கிறார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, “அதான்ணே… எனக்கும் சரியாத் தெரியல” என்றார். அன்றைக்கு என் வீட்டுக்காரரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. கண்டக்டர் கோப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அந்த வீட்டில் பேச்சுக் குரலே இல்லை. தாளிக்கும் சத்தம் மட்டும் நேரத்துக்குக் கேட்டது. கோபம் இருந்தாலும் அவர் டப்பா கட்டிக் கொடுத்தார், டீச்சரும் எடுத்துக்கொண்டு போனார். அந்த மட்டில் இருவரும் வாக்கு மாறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. கெடு அன்றோடு முடிகிறது. நான் குப்பை வாளியை வெளியே வைக்க வந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். டீச்சர் காடியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கைப்பை பக்கத்து இருக்கையில். காடி பின்னால் நகர்ந்து கேட்டருகே வந்தபோது கண்டக்டர் வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்து அதன் பின்னால் நின்றுகொண்டார். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சம் அவர் முழங்காலில் விழுந்தது. காக்கிச் சட்டை இல்லை. வீட்டில் போடும் பனியனும் கைலியும்தான்.

டீச்சர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். “வழி விடுங்க. நேரமாச்சு.”

அவர் நகரவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், பிறகு தொங்கவிட்டார்.

“டீச்சர்.”

“என்னங்க?”

எதிர் வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. நான் வாளியைப் பிடித்தபடியே நின்றேன். எண்பது ஆட்களை ஒரே அதட்டில் நிறுத்திய மனிதர் கைலி முனையைப் பிடித்து முறுக்கினார்.

“ஒனக்கு… ஒனக்கு என்ன வேணும்?”

“சாப்பாடா? டப்பா எடுத்தாச்சு.”

“சாப்பாடு இல்ல.” டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வந்தார். “நான் ஒண்ணும் முடிவு பண்ணல. வீட்ட வேணும்னா திருப்பிக் கேட்டு வாங்கிர்றேன். ஒனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல. அதான் கேக்குறேன்.”

டீச்சர் எஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார். பிறகு பேசியபோது அது பெரட்டில் கேட்ட குரலாக இல்லை. சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது.

“எனக்கு அந்த ஸ்கூல் வேணும்ங்க. அஞ்சு வருஷம் அத நான் நடத்திப் பாக்கணும். அப்பறம் ஒங்ககூட அங்க வந்து இருக்கணும். ரெண்டும் வேணும். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“நல்லது” என்றார் கண்டக்டர். “நல்லது.”

டீச்சர் கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை, எதுவும் பண்ணவில்லை. கண்ணாடி வழியாக அவர் கையில் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பப் போனவர் நிறுத்தினார்.

“ஒங்களுக்கு என்னங்க வேணும்?”

கண்டக்டரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கம்பெனி அவரைக் கேட்டதில்லை. துரைமார் கேட்டதில்லை. பெற்றவர்கள் கேட்டிருப்பார்களா தெரியாது. டீச்சரும்தான் இத்தனை வருஷத்தில் கேட்கவில்லை, வாக்குக் கொடுத்ததோடு சரி. அறுபது வயது மனிதர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் கடிதத்தோடு, பள்ளிப் பிள்ளை மாதிரி யோசித்தார்.

“தெரியல டீச்சர்” என்றார் கடைசியில். “யாரும் கேட்டதில்ல லா. நீ போயிட்டு வா. யோசிச்சு சாயந்தரம் சொல்றேன்.”